யாருக்குச் சோறு? தமிழகம் பசியை எதிர்கொண்ட கதை

தமிழ்நாட்டில் ஏழை வீடானாலும் வசதியான வீடானாலும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் ரேஷன் அட்டை. சாதிச் சான்றிதழ் வாங்கப் போனாலும், சமையல் எரிவாயு இணைப்புக்கு எழுதிப் போட்டாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அரிசி வாங்காதவர்கள்கூட அதைத் தொலைத்துவிட்டால் பதறிப்போவார்கள். இந்தியாவின் பல மாநிலங்களில் நிலைமை இப்படி இல்லை. அங்கே அரிசிக்கான அட்டை கையில் இருந்தால் அந்த வீடு ஏழை வீடு என்று பொருள். இந்த வேறுபாடு எப்படி வந்தது? அதைத் தெரிந்துகொள்ள ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

பசியைப் போக்க நினைக்கும் எந்த அரசும் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும். சோறு எங்கிருந்து வரும்? அதை யாருக்குப் போடுவது? முதல் கேள்விக்கு நெல், பணம், கிடங்கு, லாரி என்று விடை சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விதான் கடினமானது. ஏழைக்கு மட்டும் போடுவதா, கேட்கும் எல்லோருக்கும் போடுவதா? ஏழைக்கு மட்டும் என்றால், யார் ஏழை என்று முடிவு செய்வது யார்? தமிழகத்தின் பசி ஒழிப்பு வரலாறு முழுவதும் இந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

தாது வருஷப் பஞ்சம்

1867 மே மாதம் 23ஆம் நாள் வடலூரில் வள்ளலார் இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி, மதம், ஊர் எதுவும் கேட்காமல் பசி என்று வந்தவர்க்கெல்லாம் சோறு. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. ஆனால் அது தனி ஒருவரின் அருளால் எழுந்த தருமம். அரசு என்ன செய்தது என்பதைப் பத்தே ஆண்டுகளில் தமிழகம் பார்த்துவிட்டது.

1876இல் பருவமழை பொய்த்தது. தாது வருஷத்தில் வந்ததால் மக்கள் அதைத் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். சென்னை மாகாணம், மைசூர், பம்பாய் மாகாணம் எனத் தென்னிந்தியாவின் பெரும்பகுதி இரண்டு ஆண்டுகள் தவித்தது. சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871 கணக்கெடுப்பில் சுமார் 19.7 லட்சம். 1881 கணக்கெடுப்பில் சுமார் 16 லட்சம். பத்தாண்டுகளில் கூடியிருக்க வேண்டிய எண்ணிக்கை லட்சக்கணக்கில் குறைந்திருந்தது. பசியாலும் காலராவாலும் இறந்தவர்கள் போக, பிழைப்புத் தேடி இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களும் ஏராளம்.

1877 ஜனவரி முதல் நாளன்று விக்டோரியா மகாராணியை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் டெல்லியில் கோலாகலமாக நடந்தது. அதே மாதம் வைசிராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிடச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். தேவையில்லாதவர்களும் நிவாரணம் வாங்குகிறார்கள், செலவைக் குறைக்க வேண்டும் என்பது அவரது கவலை. நிவாரண வேலையில் ஒரு நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் அதோடு ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோகூட இல்லை. மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு இது போதவே போதாது என்று அவர் எழுதினார். சில மாதங்களில் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. அதற்குள் போன உயிர்கள் போனவைதான்.

சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி இந்தப் பஞ்ச காலத்தில் வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநரின் பெயரைத் தாங்கியிருக்கும் அந்தக் கால்வாயை வெட்டியவர்கள் பசியோடு ஊரைவிட்டு வந்த மக்கள்.

1880இல் பஞ்ச ஆணையம் தன் அறிக்கையைக் கொடுத்தது. அதன் பிறகு பஞ்ச விதித் தொகுப்புகள் எழுதப்பட்டன. பஞ்சம் வருவதற்கான அறிகுறிகள் எவை, எப்போது வேலை தொடங்க வேண்டும், யாருக்கு இலவச உணவு என்றெல்லாம் அவற்றில் விதி உண்டு. பசியைப் போக்குவது அரசின் கடமை என்பது முதன்முறையாக எழுத்தில் வந்தது. இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அடிப்படைச் சந்தேகம் மாறவில்லை. உடல் வலு உள்ளவன் கடும் வேலை செய்து தன் பசியை நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால்தான் சோறு!

ஓர் அணாச் சாப்பாடு

அடுத்த காட்சி ஒரு பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது. 1920இல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர் நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவரான சர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் படித்தவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள். பசியால் பள்ளிக்கு வராமல் நின்றுவிடும் பிள்ளைகளை வரவழைக்க அங்கே மதிய உணவு கொடுக்கலாம் என்று மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் வந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை.

திட்டம் பலன் தந்தது. மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவு செய்ய முடியாது என்று ஆங்கில அரசு சொல்லிவிட, 1925இல் நிறுத்தப்பட்டது. கல்விப் பணம் கல்விக்கு மட்டுமே என்பது கணக்குப் பிள்ளையின் நியாயம். பசித்த வயிற்றோடு எந்தப் பாடம் ஏறும் என்பது தியாகராயர் போன்றோரின் நியாயம். இந்த இரண்டு நியாயங்களும் அடுத்த அறுபது ஆண்டுகள் மோதிக்கொண்டே இருந்தன.

போர் கொண்டுவந்த பங்கீடு

இன்றைய ரேஷன் கடையின் பிறப்பு இரண்டாம் உலகப் போரில் நடந்தது. சென்னை மாகாணம் பர்மா அரிசியை நம்பியிருந்தது. 1942இல் பர்மா ஜப்பான் வசம் போனதும் அந்த வரத்து நின்றுபோனது. 1943இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம் வந்து, சுமார் 20 முதல் 30 லட்சம் பேர் மாண்டார்கள். அரிசி விளைச்சல் அடியோடு அற்றுப்போனதால் வந்த பஞ்சம் அல்ல அது. விலை ஏறியது, பதுக்கல் பெருகியது, கூலிக்காரர்களால் வாங்க முடியவில்லை. பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் பின்னாளில் இந்தப் பஞ்சத்தை ஆராய்ந்து, உணவு இருப்பது வேறு, அதை அடையும் வழி மக்களுக்கு இருப்பது வேறு என்று விளக்கினார்.

சென்னையிலும் பங்கீடு வந்தது. தலைக்கு இத்தனை அவுன்ஸ் என்று அளந்து கொடுத்தார்கள். தட்டுப்பாடு எல்லோருக்கும் என்பதால் அட்டையும் எல்லோருக்கும். பணக்காரரும் அட்டையோடுதான் நின்றார். போர் முடிந்தும் இது தொடர்ந்தது. 1952இல் முதலமைச்சரான இராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். மக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் மழை பொய்க்கும் ஆண்டில் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

காமராசர் கேட்ட பணம்

1954இல் காமராசர் முதலமைச்சரானார். ஊர்தோறும் பள்ளி திறக்க வேண்டும் என்பது அவர் கனவு. சேரன்மாதேவி அருகே ரயில்வே கேட்டில் கார் நின்றபோது ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று அவர் கேட்டதாகவும், போனால் சோறு யார் போடுவார் என்று அவர்கள் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு கதை தமிழகத்தில் வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும், அந்தக் கேள்வி அன்று எல்லாக் கிராமத்திலும் இருந்தது உண்மை.

பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு துணை நிற்க, 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் அரசுப் பணம் இல்லை. ஊர்ப் பெரியவர்களும் கடைக்காரர்களும் விவசாயிகளும் தந்த நன்கொடையில் சமைத்தார்கள். 1957 முதல் அரசும் பங்கு கொடுத்தது. ஒரு சாப்பாட்டுக்கு அரசு 6 காசு, ஊரார் 4 காசு என்பது கணக்கு. 1961 முதல் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் உணவுப் பொருள்கள் கொடுத்து உதவியது.

இத்திட்டம் இலட்சக்கணக்கான பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது. அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். இது ஏழைப் பிள்ளைகளுக்கென வந்த திட்டம். வகுப்பில் உள்ள எல்லோரும் சாப்பிடவில்லை. சாப்பிடும் பிள்ளை ஏழை என்பது வகுப்புக்கே தெரியும்.

ரூபாய்க்கு ஒரு படி

1960களின் நடுவில் மீண்டும் வறட்சி. நாடே அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருந்த காலம் அது. 1965இல் இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. நெற்களஞ்சியமான தஞ்சை இருந்தும் தமிழகத்தில் அரிசித் தட்டுப்பாடு இருந்தது.

1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. முழங்கியது. வெற்றி பெற்ற அண்ணா, அதே ஆண்டு மே மாதம் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படித் திட்டத்தைத் தொடங்கினார். அரசின் பணப்பெட்டி தாங்கவில்லை. திட்டம் மாநிலம் முழுவதும் பரவாமலே நின்றுபோனது. எதிர்க்கட்சிகள் கேலி செய்தன.

ஆனால் அந்தத் தோல்வியிலிருந்து இரண்டு விஷயங்கள் மிஞ்சின. ஒன்று, அரிசி விலை தேர்தலைத் தீர்மானிக்கும் என்று எல்லாக் கட்சிகளும் கற்றுக்கொண்டன. இன்னொன்று, வாக்குறுதி மட்டும் போதாது, நெல்லைக் கொள்முதல் செய்யவும் சேமிக்கவும் அனுப்பவும் மாநிலத்துக்கே ஓர் அமைப்பு வேண்டும் என்பது புரிந்தது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவானது. விவசாயியிடம் நேரடியாக நெல் வாங்குவது முதல் கிடங்கில் வைத்துக் கடைகளுக்கு அனுப்புவது வரை அதன் பொறுப்பு. கடைகளைப் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தின. பல மாநிலங்களில் ரேஷன் கடை தனியார் முதலாளியின் கையில் இருந்தது. அவருக்குக் கிடைக்கும் கழிவுத்தொகை குறைவு, கள்ளச் சந்தையில் விற்றால் கிடைப்பது அதிகம். தமிழகத்தில் கடை ஊழியர் சம்பளக்காரர். திருட்டு அடியோடு ஒழிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் திருடினால்தான் பிழைப்பு என்ற கட்டாயம் இல்லாமல் போனது.

1982: எல்லாப் பிள்ளைகளுக்கும்

1982 ஜூலை முதல் நாள் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் பிறந்து, தந்தையை இழந்து, கும்பகோணத்தில் வறுமையில் வளர்ந்து, சோற்றுக்காகவே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர் அவர். முதலில் கிராமங்களில் 2 வயது முதல் 9 வயது வரை உள்ள குழந்தைகள். அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்கள். 1984இல் 15 வயது வரை உள்ள மாணவர்கள். அரை கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஒரே நேரத்தில் சாப்பிடும் ஏற்பாடு அது.

எதிர்ப்பு பலமாக இருந்தது. இவ்வளவு பணத்தைத் தொழிற்சாலைகளில் போட்டால் வேலை கிடைக்குமே என்றார்கள் பொருளாதாரம் படித்தவர்கள். பிள்ளைகளைத் தட்டு ஏந்த வைக்கிறார் என்றார்கள் சிலர். ஓட்டுக்காகச் செய்கிறார் என்றார்கள் வேறு சிலர். ஓட்டுக்காகவும்தான்! ஜனநாயகத்தில் பசித்தவன் ஓட்டுக்குப் பயந்து அரசு சோறு போட்டால் அதில் என்ன தவறு? 1877இல் மக்களுக்கு ஓட்டு இல்லை. டெம்பிள் யாருக்கும் பயப்பட வேண்டியிருக்கவில்லை.

காமராசர் திட்டத்துக்கும் இதற்கும் முக்கியமான வேறுபாடு, யார் ஏழை என்று இது கேட்கவில்லை. வேண்டும் என்று பெயர் கொடுத்த எந்தப் பிள்ளையும் தட்டோடு உட்காரலாம். வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவரும் பிள்ளை கொண்டுவரட்டும். யாரும் யாரையும் சோதிக்க வேண்டியதில்லை. வசதி உள்ளவர்கள் தாமாகவே விலகிக்கொள்வார்கள் என்பது இதன் தந்திரம்.

சத்துணவு மையத்தில் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று வேலை கிடைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கைம்பெண்களுக்கும் கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். ஒரே பந்தியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். தலித் பெண் சமைத்ததால் பிள்ளைகளை அனுப்ப மறுத்த ஊர்களும் இருந்தன. அப்படிப்பட்ட செய்திகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. சோறு சாதியை ஒழித்துவிடவில்லை. ஆனால் சாதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று அது காட்டிக்கொடுத்தது.

அடுத்து வந்த அரசுகள் திட்டத்தை நிறுத்தவில்லை என்பதுதான் பெரிய அதிசயம். கட்சி மாறினால் திட்டமும் மாறும் நாட்டில், 1989இல் வந்த கருணாநிதி ஆட்சி சத்துணவில் முட்டையைச் சேர்த்தது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. 2006இல் வாரம் இரண்டு, 2007இல் மூன்று, 2010இல் ஐந்து. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஒருவர் போட்ட சோற்றின் மேல் இன்னொருவர் முட்டை வைத்தார். போட்டி அரசியலால் பிள்ளைகள் ஜெயித்த அபூர்வக் கதை இது.

நாட்டின் குறுக்கே ஒரு கோடு

1997இல் மத்திய அரசு பொது விநியோகத்தை மாற்றி அமைத்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பம், மேலே உள்ள குடும்பம் என்று நாட்டு மக்களை இரண்டாகப் பிரித்தது. கீழே உள்ளவர்க்கு மலிவு விலை, மேலே உள்ளவர்க்குக் கூடுதல் விலை. 2000இல் மேலே உள்ளவர்க்கான விலை அரசின் முழு அடக்க விலைக்கே ஏற்றப்பட்டது. பணம் வீணாகாமல் ஏழைக்கு மட்டும் போய்ச் சேரட்டும் என்பது நோக்கம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

நடந்தது வேறு. கோடு எங்கே என்று ஒரு கணக்கெடுப்பு முடிவு செய்தது. கணக்கெடுப்பவரைத் தெரிந்தவர் ஏழையானார். தெரியாத கூலிக்காரர் பணக்காரரானார்! கோட்டுக்குச் சற்று மேலே இருந்த குடும்பம், வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால் அடுத்த மாதமே கீழே வந்துவிடும். ஆனால் அட்டை மாறாது. 2005இல் வெளியான திட்டக் குழுவின் மதிப்பீடு, மானிய தானியத்தில் சுமார் 58 சதவீதம் உரிய ஏழைக் குடும்பங்களைச் சென்று சேரவில்லை என்றது.

பக்கத்து மாநிலமான கேரளம் 1960களிலிருந்தே எல்லோருக்கும் ரேஷன் கொடுத்துப் பெயர் வாங்கிய மாநிலம். கோடு போட்ட பிறகு நடுத்தரக் குடும்பங்கள் கடையை விட்டு விலகின. வியாபாரம் படுத்ததால் கடைகள் நட்டப்பட்டன. நல்ல நிலையில் இருந்த ஓர் அமைப்பு சில ஆண்டுகளில் நலிந்தது.

தமிழகம் இந்தக் கோட்டை ஏற்கவில்லை. மத்திய அரசிடமிருந்து கிடைக்கும் விலைக்கும் மக்களுக்குக் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மாநில அரசே ஏற்றது. அரிசி வேண்டுவோருக்குப் பச்சை அட்டை, அரிசிக்குப் பதில் கூடுதல் சர்க்கரை வேண்டுவோருக்கு வெள்ளை அட்டை, எந்தப் பொருளும் வேண்டாதவர்க்குத் தனி அட்டை. எது வேண்டும் என்று குடும்பமே சொல்லலாம்.

'எச்' முத்திரை

தமிழகம் ஒருமுறை சறுக்கியது. அதுவும் பாடமாக இருக்கிறது. 2001இல் அமைந்த ஜெயலலிதா ஆட்சி கடும் நிதி நெருக்கடியைச் சந்தித்தது. செலவைக் குறைக்க, மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் உள்ள குடும்பங்களின் அட்டையில் 'எச்' என்று முத்திரை குத்தி அரிசியை நிறுத்தினார்கள். கௌரவ அட்டை என்று அதற்கு அழகான பெயர் வேறு.

மக்கள் அதைக் கௌரவமாக எடுத்துக்கொள்ளவில்லை. 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி ஓர் இடத்தில்கூட வெல்லவில்லை. தோல்விக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் முடிவு வந்த அதே மே மாதத்தில் அரசு திரும்பப் பெற்ற முடிவுகளில் 'எச்' முத்திரையும் ஒன்று.

இங்கேதான் எல்லோருக்கும் அட்டை என்பதன் பலம் தெரிகிறது. ஏழைக்கு மட்டும் உள்ள கடையில் புழுத்த அரிசி வந்தால் கேட்பதற்கு ஆளில்லை. அதே கடைக்கு ஆசிரியரும் தாலுகா அலுவலக ஊழியரும் வந்து நின்றால் கடை நேரத்துக்குத் திறக்கும், எடைக்கல் சரியாக இருக்கும். வசதியுள்ளவர் வாங்கும் சில கிலோ அரிசி, ஏழைக்குக் கிடைக்கும் காவல்காரனின் சம்பளம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பின்னர் எல்லாக் கட்சியும் ஒரே திசையில் போயின. 2006இல் கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையே இல்லை. 2007இல் துவரம் பருப்பும் பாமாயிலும் மலிவு விலையில் சேர்ந்தன. 2013இல் சென்னையில் அம்மா உணவகம் வந்தது. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். அங்கேயும் யாரிடமும் அட்டை கேட்கவில்லை. ஆட்டோ ஓட்டுநரும் அலுவலக ஊழியரும் ஒரே வரிசையில் நின்று சாப்பிட்டார்கள்.

நாடு கற்றுக்கொண்டதும் கற்காததும்

2001இல் ராஜஸ்தானில் மக்கள் பட்டினியில் தவித்தபோது உணவுக் கழகத்தின் கிடங்குகள் நிரம்பி வழிந்தன. மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் சென்றது. அந்த வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று வந்த ஆணை, எல்லா மாநிலங்களும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்றது. 1995 முதல் தேசியத் திட்டம் ஒன்று இருந்தும், பெரும்பாலான மாநிலங்களில் சமைக்காத தானியமாகவே அது கொடுக்கப்பட்டு வந்தது. ஒரு காலத்தில் வீண் செலவு என்று ஏளனம் செய்யப்பட்ட சாப்பாடு, நாட்டின் எல்லாப் பிள்ளைகளின் உரிமையானது.

ஆனால் எல்லோருக்கும் ரேஷன் என்ற பாடத்தை நாடு கற்கவில்லை. 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது உணவை உரிமையாக்கியது, பெரிய விஷயம்தான். அதிலும் பயனாளிகளுக்கு ஓர் எல்லை உண்டு. தமிழகத்தில் பாதிக்குச் சற்று மேற்பட்ட மக்களே அந்த எல்லைக்குள் வருவார்கள். தமிழகம் நீண்ட காலம் சேர மறுத்தது. சேராவிட்டால் கூடுதல் அரிசியின் விலை கிலோ 8 ரூபாய் 30 காசிலிருந்து 22 ரூபாய் 54 காசாகும் என்ற நிலை வந்தபோது, 2016 நவம்பரில் சேர்ந்தது. சட்டத்துக்காக முன்னுரிமைக் குடும்பம், முன்னுரிமையற்ற குடும்பம் என்று பட்டியல் பிரித்தது. இரண்டு பட்டியலிலும் உள்ள அரிசி அட்டைகளுக்கு அரிசியைத் தொடர்ந்து கொடுத்தது. கோடு காகிதத்தில் இருந்தது, கடையில் இல்லை.

2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது இதன் பலன் தெரிந்தது. வேலை இழந்தவர் யார் என்று புதிதாகக் கணக்கெடுக்க நேரமில்லை. இரண்டு கோடி அரிசி அட்டைகளுக்கு ஆயிரம் ரூபாயும் இலவசப் பொருள்களும் ரேஷன் கடை வழியாகவே போய்ச் சேர்ந்தன.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1,545 பள்ளிகளில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் பரவியது. 1920இல் ஓர் அணாவில் ஆரம்பித்தது நூறு ஆண்டு கழித்துக் காலைச் சாப்பாட்டுக்கு வந்து நின்றது.

எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருக்கிறார்கள். இந்திய அளவு 35.5 சதவீதம். அந்த வகையில் தமிழகம் மேல். ஆனால் நாலில் ஒரு பிள்ளை என்பது பெருமைப்படும் எண்ணிக்கையா? 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. வயிறு நிறைகிறது, இரத்தம் ஊறவில்லை. அரிசியால் பசி தீரும். பருப்பு, கீரை, பால், முட்டை, பழம் இல்லாமல் உடல் தேறாது. சத்துணவுத் தட்டு பள்ளிப் பிள்ளைக்குக் கிடைக்கிறது, அவன் தாய்க்குக் கிடைப்பதில்லை.

ரேஷன் அரிசி மாநில எல்லை தாண்டிக் கடத்தப்படுவதும், மாட்டுத் தீவனமாவதும் தொடர்கிறது. கைரேகை பதியவில்லை என்று முதியவர்கள் திரும்பிப் போகிறார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து கட்டட வேலை செய்பவர்களுக்குத் தமிழக அட்டை இல்லை. 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழகம் சேர்ந்தது. ஆனால் சொந்த ஊரில் சட்டத்தின் கோட்டுக்கு வெளியே விடப்பட்டவர்க்கு அதனால் பயனில்லை. எல்லோருக்கும் என்று சொல்லும்போது அந்த எல்லோரில் யார் யார் என்ற கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது.

முடிவாக

உதவி செய்யும் எந்த அரசும் இரண்டு விதத்தில் தவறலாம். தேவையில்லாதவர்க்குக் கொடுத்துவிடலாம். தேவையுள்ளவர்க்குக் கொடுக்காமல் விட்டுவிடலாம். முதல் தவறால் பணம் போகும். இரண்டாவது தவறால் உயிர் போகும். டெம்பிள் முதல் தவறுக்குப் பயந்தார், இரண்டாவது தவறு நேர்ந்தது. தமிழகம் இரண்டாவது தவறுக்குப் பயந்தது. அதற்காக முதல் தவறின் செலவைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டது.

இந்தப் பயம் ஒரே நாளில் வந்ததல்ல. ஒரு கட்சிக்கோ ஒரு தலைவருக்கோ மட்டும் சொந்தமானதும் அல்ல. தியாகராயர், காமராசர், அண்ணா, எம்.ஜி.ஆர்., கருணாநிதி, ஜெயலலிதா என்று ஒருவரையொருவர் அரசியலில் எதிர்த்தவர்கள்கூட ஒரே அடுப்புக்கு விறகு போட்டார்கள். போடாதவரை மக்கள் போடவைத்தார்கள்.

வசதி வந்துவிட்டது, இனி எதற்கு எல்லோருக்கும் அரிசி என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. பணத்தை மிச்சப்படுத்தலாம் என்ற வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த மிச்சத்துக்காக மீண்டும் ஒரு முத்திரையை எடுத்து வீடு வீடாகப் போக வேண்டியிருக்கும். எந்த அட்டையில் குத்துவது, எதில் விடுவது என்று ஒருவர் முடிவு செய்ய வேண்டியிருக்கும். அவர் தவறு செய்யும் வீட்டில் அன்று இரவு அடுப்பு எரியாது.